ஐம்பது கூட்டிய லாட்

வினோதாவுக்கு ஏசி அறையில் மேஜை போட்ட அன்று பூபதி மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை. டிபன் பாக்ஸ் போன கனத்திலேயே வீட்டுக்குத் திரும்பியது. மனைவி பொற்கொடி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "உடம்புக்கு என்ன?" என்றாள். உடம்புக்கு ஒன்றுமில்லை. வயிற்றெரிச்சல்தான், அதற்கு மெடிக்கலில் மாத்திரை கிடையாது. இதை வெளியில் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று தெரிகிற அளவுக்கு அவனுக்குப் புத்தி இருந்தது, அதனால் வாயை மூடிக்கொண்டான்.

ஓசூர் சிப்காட்டில் ஒரு ஃபோர்ஜிங் கம்பெனி. உருக்குக் கம்பிகளை உலையில் பழுக்கக் காய்ச்சி, ஹேமரில் அடித்து, மூன்று சக்கர ஆட்டோக்களுக்கு ஸ்டியரிங் ஆர்ம் செய்து அனுப்புவார்கள். பூபதிக்குச் சொந்த ஊர் துறையூர். தொண்ணூற்று நாலில் ஸ்டோர்ஸ் கிளார்க்காக வந்து சேர்ந்தவன், பாகலூர் ரோட்டில் ஒரு மாடி அறையில் ஆறு மாதம் சாயங்கால வகுப்புக்குப் போய் ஃபாக்ஸ்புரோ என்கிற கம்ப்யூட்டர் பாடம் படித்தான். யாரும் கேட்காமலே ஸ்டோர்ஸ் முழுவதையும் ஒரு புரோகிராமுக்குள் அடக்கினான். எந்தக் கம்பி எப்போது வந்தது, எந்த ரேக்கில் கிடக்கிறது, எதற்குப் போனது, எல்லாம் அதில் வந்துவிடும். பதினொரு வருடமாக அது ஓடியது. "சிஸ்டம் பூபதி" என்று கம்பெனியே கூப்பிட்டது.

உள்ளதைச் சொன்னால் அந்த டேட்டாபேஸில் இருந்தது நாலே டேபிள், அதாவது நாலே அட்டவணை. பாக்கியெல்லாம் பூபதியின் மண்டைக்குள் இருந்தது. அவன் லீவு போட்டால் ஸ்டோர்ஸும் லீவு போட்ட மாதிரிதான். ஊரில் மச்சினன் கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரத்துக்குக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. முகத்தில் ஒரு சலிப்பை வரவழைத்துக்கொண்டு, உறவுக்காரர்கள் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி உரக்கப் பதில் சொன்னான். வாழ்க்கையில் அவன் பட்ட சந்தோஷங்களில் அதற்கு முதல் மூன்றுக்குள் இடம் உண்டு.

இரண்டாயிரத்தெட்டில் ஆட்டோ கம்பெனிக்காரர்கள் ஒரு விதி போட்டார்கள். எந்த ஆர்ம் எந்த லாட் கம்பியில், அதாவது எந்த லோடில் வந்த கம்பியில் செய்தது என்று கேட்ட நிமிஷத்தில் காட்ட வேண்டும். பழைய புரோகிராமுக்கு அது முடியாது. புதிதாக ஒரு டேட்டாபேஸ் கட்ட ஆள் எடுத்தார்கள். வந்தவள் வினோதா. எம்.சி.ஏ., வயது இருபத்தைந்து, பக்கத்திலிருக்கிற பேரிகை ஊர்க்காரி. அதோடு நின்றிருந்தால் பூபதி எப்படியோ சகித்துக்கொண்டிருப்பான். அவள் கங்கப்பனின் மகளாக இருந்தாள்.

கங்கப்பன் அதே ஸ்டோர்ஸில் கம்பி தூக்குகிறவர். பூபதி வந்த நாளிலிருந்து அவனைப் பார்த்தால் தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு "சார்" என்பவர். அவருடைய மகள் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார, பூபதியின் கம்ப்யூட்டர் மட்டும் கம்பித் துரு பறக்கிற ஸ்டோர்ஸ் மூலையில் கரண்ட் போகும்போதெல்லாம் அணைந்து அணைந்து எரிந்துகொண்டிருந்தது.

வந்தவள் முதல் இரண்டு வாரம் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ரேக் ரேக்காக நின்றாள். லோடிங் ஆட்களிடம் தெலுங்கில் ஒன்று கேட்டாள், கன்னடத்தில் ஒன்று கேட்டாள், மூன்று பாஷையிலும் அவர்களைச் சிரிக்க வைத்தாள். பூபதி பதினான்கு வருடமாக அந்த ஊரில் இருக்கிறான். தெலுங்கில் அவனுக்கு எண்ண மட்டும்தான் தெரியும்.

பிறகு அவனுடைய நாலு டேபிளை முப்பத்தெட்டாகப் பிரித்தாள். "குடியிருந்த வீட்ட இடிச்சுட்டு லாட்ஜு கட்டுற போல" என்று பூபதி கேலி செய்தான். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "சார், கம்பி அனுப்புற மில்லோட விலாசம் உங்க டேபிள்ல தொள்ளாயிரம் எடத்துல இருக்கு. அவங்க எடம் மாறினா தொள்ளாயிரத்தையும் மாத்தணும். ஒரு விஷயம் ஒரே எடத்துல இருந்தாப் போதும், மத்ததெல்லாம் அதைக் கை காட்டினாப் போதும்" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். சரியாகச் சொன்னதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

எல்லாவற்றையும்விட அவனை அரித்தது அவள் எழுதிக்கொண்டிருந்த ஒரு ஃபைல். டேட்டாபேஸில் இருக்கிற ஒவ்வொரு கட்டத்துக்கும் அதில் ஒரு வரி. இது என்ன, எதற்கு, எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை வரலாம் என்று எழுதி, கடைசியில் "தகவல் தந்தவர்" என்று ஒரு பெயர் போடுவாள். அகராதி என்று அதற்குப் பெயர். தினமும் பதினொரு மணிக்கு அதைத் தூக்கிக்கொண்டு ஸ்டோர்ஸுக்கு வந்துவிடுவாள். பூபதி சொல்லச் சொல்ல எழுதுவாள். தன் மண்டைக்குள் இருந்ததெல்லாம் ஒரு பெண் பிள்ளையின் பால்பாயிண்ட் பேனா வழியாக இறங்கிப் போவதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாம் இறங்கி முடிந்த பிறகு தன்னை எதற்கு வைத்திருப்பார்கள் என்று ஒரு நாள் யோசித்தான். அன்றிலிருந்து தூக்கம் குறைந்தது.

அவள் லாட் எண்ணுக்கு வந்தது ஆயுத பூஜைக்கு மூன்று வாரம் இருக்கும்போது.

"சார், மாசத்துக்கு முப்பது லாட்டுக்கு மேல வர்றதில்ல. ஆனா நடுவுல நடுவுல அம்பத்திரெண்டு, அம்பத்தேழுன்னு இருக்கே. அது என்னங்க சார்?"

அது என்ன என்பது உலகத்தில் பூபதி ஒருவனுக்குத்தான் தெரியும் என்பது அவன் நம்பிக்கை. ஆரம்பமே ஆயுத பூஜைதான். சோதனையில் தேறிய கம்பிக்கு முனையில் பச்சை பெயிண்ட், தேறாததற்கு மஞ்சள் பெயிண்ட். தேறாத கம்பியைக் கொக்கி, தாழ்ப்பாள் மாதிரிச் சில்லறைச் சாமானுக்குத்தான் கொடுக்க வேண்டும். ஸ்டியரிங்குக்குப் போகக் கூடாது. ஆயுத பூஜை வந்தால் லோடிங் ஆட்கள் ரேக்குகளைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, சோறு போடுகிற இரும்பாயிற்றே என்று ஒவ்வொரு கம்பி முனைக்கும் மஞ்சள் குழைத்துப் பூசி நடுவில் குங்குமம் வைப்பார்கள். சாக்பீஸில் எழுதிய லாட் எண் கழுவலில் போய்விடும், பச்சை பெயிண்டும் மஞ்சள் பெயிண்டும் ஒரே மஞ்சளாகிவிடும். வேண்டாமென்று சொல்ல எந்த மேனேஜருக்கும் தைரியம் கிடையாது. ஒன்பது வருடத்துக்கு முன் அப்படித்தான் தேறாத லாட் ஒன்று விஜயதசமியன்று உலைக்குள் போய், அடித்த ஆர்மெல்லாம் விரிசல் விட்டு, இரண்டு லாரி சரக்கு திரும்பி வந்தது. அப்போது பூபதி ஒரு யோசனை செய்தான். தேறாத லாட்டின் எண்ணோடு ஐம்பதைக் கூட்டிப் புரோகிராமில் ஏற்றினான். ஏழு என்றால் ஐம்பத்தேழு. மஞ்சள் எதை மறைத்தாலும் அந்த ஐம்பதை மறைக்க முடியாது. உலைக்குக் கம்பி கொடுக்கும்போது ஐம்பதுக்கு மேல் இருந்தால் அந்த ரேக்கை அவன் காட்டமாட்டான். யாரிடமும் சொல்லவுமில்லை. சொன்னால் அது எல்லோருடையதும் ஆகிவிடுமே.

வினோதா பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"அதுவா, டைப் பண்றதுல வர்ற தப்பும்மா. கண்டுக்காத" என்றான் பூபதி.

நாலு நாள் கழித்து மறுபடியும் அதே பக்கத்தைத் திறந்துகொண்டு வந்தாள். "லாட் நம்பர் பத்தி வேற ஒண்ணும் இல்லீங்களா சார்?"

"ஒண்ணும் இல்லன்னு எழுதிக்க."

அவள் எழுதவில்லை. "இல்லைங்கறது வேற, தெரியலைங்கறது வேற சார். டேட்டாபேஸ்ல ரெண்டையும் ஒண்ணா வெச்சா பின்னாடி வம்பு. இப்போதைக்குத் தெரியலைன்னு விட்டு வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அந்த வரியின் கடைசிக் கட்டத்தைக் காலியாகவே விட்டுப் போனாள். பூபதிக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. ஒரு கட்டமாவது அவளுக்குக் கிடைக்காமல் போனதே.

அன்றைக்கே அவன் திட்டமும் உருவாகிவிட்டது. புது டேட்டாபேஸை விஜயதசமியன்று நல்ல நேரத்தில் ஓட விடுவதாக ஜி.எம். முடிவு செய்திருந்தார். இருப்பதில் பழைய லாட் எதுவோ அதை முதலில் எடு என்று அது தானாகவே சீட்டு அடிக்கும். இருப்பதில் பழையது ஆறாம் ரேக்கில் இருக்கிற ஐம்பத்தேழு. கம்பி உலை வாய் வரைக்கும் போகட்டும். எல்லோரும் பார்க்க, தான் குறுக்கே போய் நிறுத்த வேண்டும். முப்பத்தெட்டு டேபிள் பிடிக்காததை சிஸ்டம் பூபதி பிடித்தான் என்று கம்பெனி முழுக்கப் பேச வேண்டும். கெட்ட கம்பியை யாரும் வண்டியில் மாட்டப் போவதில்லை, நான்தான் நிற்கிறேனே என்று மனசாட்சிக்கும் ஒரு பதில் தயாராக வைத்துக்கொண்டான்.

ஆயுத பூஜையன்று ஒன்று நடந்தது. ஒன்பது வருடமாகக் கம்ப்யூட்டருக்குக் கற்பூரம் காட்டுவது பூபதிதான். அதற்கென்றே பொற்கொடி வேட்டி இஸ்திரி போட்டு வைப்பாள். அன்றும் பட்டுக்கரை வேட்டியோடு, கையைக் கழுவிக்கொண்டு முன்னால் வந்து நின்றான். புது சர்வருக்குச் சாமந்தி மாலை போட்டிருந்தது. ஜி.எம். தட்டை எடுத்து, அவனைத் தாண்டிக் கையை நீட்டி, "வினோதா, இந்த வருஷம் நீ காட்டும்மா" என்றார். தட்டு அவன் மூக்குக்கு முன்னால்தான் போனது. கற்பூரத்தின் சூடுகூடப் பட்டது. பின்னால் யாரோ இருமினார்கள். தன்னைப் பார்த்துத்தான் இருமுகிறார்கள் என்று பூபதி முடிவு கட்டிக்கொண்டான்.

அவள் கற்பூரம் காட்டினாள். கங்கப்பன் ஒரு ஓரமாக நின்று, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தத் துண்டைப் பிடுங்கி எறியலாமா என்று பூபதிக்கு வந்தது. அந்த நேரத்தில் அவனுக்கு அவர்கள் இரண்டு பேரையும் பிடிக்கவில்லை, தன்னையும் பிடிக்கவில்லை.

பொரி வாங்கிக்கொண்டு நகர்ந்தபோது அவள் பக்கத்தில் வந்தாள். "சார், நாளைக்கு ஓட விடப் போறோம். லாட் விஷயத்துல நீங்க ஏதாச்சும் சொல்லணுமா?"

"எத்தன வாட்டி கேப்ப? ஒண்ணும் இல்ல."

"சரிங்க சார்."

சாயங்காலம் பொற்கொடியோடு பஸ் ஸ்டாண்டுக்கு ஷேர் ஆட்டோவில் போனான். ஒன்பது பேரை அடைத்துக்கொண்டு வண்டி குழியில் இறங்கி ஏறியது. டிரைவர் ஹேண்டிலை ஒடித்துத் திருப்பும்போதெல்லாம் பூபதியின் கண் அங்கேயே போனது. "ஏன் மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்று பொற்கொடி கேட்டாள். "கூட்டம்" என்றான். நாளைக்குக் காலையில் போனதும் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கற்பூரத் தட்டு மூக்குக்கு முன்னால் போனது ஞாபகத்துக்கு வந்தது. சொல்வதாக இல்லை.

விஜயதசமியன்று பத்தே காலுக்கு நல்ல நேரம். ஸ்டோர்ஸில் புதுக் கம்ப்யூட்டருக்கு முன்னால் வினோதா உட்கார்ந்திருந்தாள். சீட்டு ஒன்று அச்சாகி வந்தது, கங்கப்பன் கையில் கொடுத்தாள். ஜி.எம்.மும் நாலைந்து மேனேஜர்களும் உலைப் பக்கம் நின்றார்கள். பூபதியும் போய் நின்றுகொண்டான்.  சற்று நேரத்தில் ஆறாம் ரேக் பக்கமிருந்து டிராலி வந்தது. கம்பி முனைகளில் மஞ்சளும் குங்குமமும் காய்ந்து கிடந்தன.

உலைக்கும் டிராலிக்கும் நாலடி இருக்கும்போது பூபதி குறுக்கே பாய்ந்தான்.

"நிறுத்துங்க. அத உள்ள போடாதீங்க. தேறாத கம்பி அது."

டிராலி நின்றது. ஒரு மேனேஜர் பயத்தில் பின்னால் நகர்ந்தார். எல்லோரும் அவனையே பார்த்தார்கள். இரண்டு வாரத்துக்கு மேலாக அவன் காத்திருந்தது இந்தப் பார்வைக்குத்தான்.

"எது தேறாதது?" என்றார் ஜி.எம்.

"அம்பத்தேழாம் லாட்டு சார். ஆறாம் ரேக். ஸ்டியரிங்குக்குக் குடுக்கவே கூடாது. புது சிஸ்டத்துக்கு அது தெரியல."

கங்கப்பன் துண்டைக் கையில் எடுத்தார். "இது ஏழாம் ரேக்குங்க சார். இருபத்திமூணு நெம்பரு. ஆறாம் ரேக்கத் தொடக்கூடாதுன்னு பாப்பா முந்தாநாளே சிஸ்டத்துல நிறுத்தி வெச்சிருக்குது. நாங்க அதப் பாத்துக்கினுதான் எடுத்தோம்" என்று சீட்டை நீட்டினார். சீட்டில் ஏழாம் ரேக் என்றுதான் இருந்தது. கீழே, "ஆறாம் ரேக்: தடை" என்று தனியாக ஒரு வரி.

ஜி.எம். சீட்டைப் படித்தார். பிறகு பூபதியை நிமிர்ந்து பார்த்தார். "அம்பத்தேழு தேறாததுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா பூபதி? தெரிஞ்சா உலை வாய் வரைக்கும் வந்தப்புறமா சொல்லுவீங்க?"

பூபதி இந்தக் கேள்விக்குத் தயாராக வரவில்லை. கைதட்டலுக்கு மட்டும்தான் தயாராக வந்திருந்தான். உலையின் சூடு முதுகில் அடித்தது. வேலை போகும், பதினொரு வருடத்துப் பெயர் போகும், இரண்டும் இந்த ஒரு நிமிஷத்தில் போகும் என்று தெரிந்தது. 

வினோதா அகராதி ஃபைலோடு வந்தாள். "சாருக்குத் தெரியாம எப்படிங்க? அவர்தானே கண்டுபிடிச்சது. ஆறாம் ரேக்கத் தடுத்தாச்சுன்னு நான்தான் அவர்கிட்ட சொல்ல விட்டுட்டேன். அதான் பதறிட்டாரு" என்று பக்கத்தைத் திறந்து காட்டினாள்.

பூபதியும் எட்டிப் பார்த்தான். "லாட் எண். ஐம்பதுக்கு மேல் இருந்தால் சோதனையில் தேறாதது. ஐம்பதைக் கழித்தால் உண்மையான எண். ஆயுத பூஜையின்போது பெயிண்ட் அடையாளம் மறைவதால் இந்த ஏற்பாடு." காலியாக இருந்த கடைசிக் கட்டத்தில், தகவல் தந்தவர் என்பதற்குக் கீழே, "பூபதி, ஸ்டோர்ஸ்" என்று இருந்தது.

"நல்ல யோசனை. எனக்கே தெரியாம இருந்திருக்கே" என்றார் ஜி.எம். பூபதியின் தோளில் தட்டினார். "ஆனா இப்படிக் குறுக்க பாயாதீங்க, உலைக்குள்ள விழுந்து வைக்கப் போறீங்க." எல்லோரும் சிரித்துக்கொண்டு கலைந்தார்கள். ஹேமர் அடிக்க ஆரம்பித்தது. கங்கப்பன் கம்பியை இறக்கிவிட்டு டிராலியைத் திருப்பிக்கொண்டு போனார்.

ஸ்டோர்ஸ் மூலையில் பூபதி வினோதாவை நிறுத்தினான்.

"நான் சொல்லவே இல்லையே."

"இல்லீங்க சார். மூணு வாட்டி கேட்டேன்."

"உனக்கு எப்ப தெரியும்?"

"முத வாட்டி கேக்கறப்பவே தெரியும். ஒம்பது வருஷத்துல அம்பதுக்கு மேல இருக்கிற ஒரு லாட்டுகூட ஸ்டியரிங்குக்குப் போகல. எல்லாம் கொக்கிக்கும் தாழ்ப்பாளுக்கும் போயிருக்குது. டைப் பண்றதுல வர்ற தப்பு அவ்வளவு ஒழுங்கா வராது சார். அப்பாகிட்ட கேட்டேன். ஆமா, அந்த ரேக்கையெல்லாம் சார் காட்டவே மாட்டாருன்னாரு."

பூபதி அவள் முகத்தைப் பார்க்காமல் ஃபைலைப் பார்த்தான். "தெரிஞ்சும் எதுக்கு என்னைக் கேட்டுட்டே இருந்த?"

"உங்க யோசனை சார் அது. நீங்களே சொன்னா நல்லா இருக்கும்னு பாத்தேன்."

"சொல்லல. அப்புறம் எதுக்கு என் பேரைப் போட்ட? உங்கப்பா பேரைப் போட்டிருக்கலாமே."

"அப்பா பேரைத்தான் போட்டேன்" என்றாள். "படிச்சுக் காட்டினேன். அதை அடிச்சுடச் சொல்லிட்டாரு. பூபதி சார் ஒரு ஆளா ஒக்காந்து யோசிச்சது, அவர் பேரே இருக்கட்டும், அவருக்கு மனசு கஷ்டமா இருக்குது இப்போன்னாரு."

பூபதி ஃபைலில் தன் பேரை மறுபடியும் படித்தான். தன் மனசு இரும்புப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறதென்று இத்தனை நாள் நினைத்திருந்தான். கம்பி தூக்குகிறவர் அதை ரேக் நம்பர் மாதிரிப் படித்துவிட்டிருக்கிறார்.

அடுத்த சீட்டோடு டிராலி திரும்ப வந்தது. பூபதி வழியை மறித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து கங்கப்பன் நிறுத்தினார். துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "கொஞ்சம் வழி விடுங்க சார்" என்றார். குரலில் குத்தலே இல்லை. தேடிப் பார்த்தான், துளிகூட இல்லை.

பூபதி சுவரோடு ஒட்டி நின்று வழி விட்டான். அதுவரைக்கும் அவன் மகளைப் பார்த்து மட்டும்தான் வயிறெரிந்துகொண்டிருந்தான். இனிமேல் அப்பனைப் பார்த்தும் எரிய வேண்டும்.